காலையில் ரயில், பகலில் அருங்காட்சியகம், இரவுச் சாப்பாட்டுக்கு வீடு

வாசகர் கேள்வி – பதில்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ரயிலில் போய், அன்றைக்கே வீடு திரும்புவது பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். புதுக்கோட்டை அருங்காட்சியகம் பற்றிய கேள்வி ஒன்றும் கடைசியில் இருக்கிறது.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். நானும் கணவரும், 70 வயது மாமியார், 9 வயது மகன், 4 வயது மகள். குறைந்த செலவில் ஒருநாள் எழும்பூர் மியூசியம் போய் வர வேண்டும். எந்தக் கிழமை போகலாம், எத்தனை மணிக்குக் கிளம்பலாம், எவ்வளவு ஆகும்?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: கிழமையை முதலில் முடிவு செய்யுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய தேசிய விடுமுறை நாள்களிலும் திறக்க மாட்டார்கள். மற்ற நாள்களில் காலை 9.30 முதல் மாலை 5 வரை. ஞாயிறு தவறில்லை, ஆனால் அன்று மின்தொடர் ரயில்கள் வார நாள்களை விடக் குறைவாக ஓடும். தண்டவாளப் பராமரிப்புக்காகச் சில வண்டிகளை ரத்து செய்வதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். சிறு குழந்தையையும் வயதானவரையும் வைத்துக்கொண்டு நடைமேடையில் முக்கால் மணி நேரம் நிற்க நேர்ந்தால், அருங்காட்சியகத்துக்குள் போகும் முன்பே எல்லோரும் களைத்துவிடுவார்கள். உங்களுக்குச் சனிக்கிழமை நல்லது.

செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்கு மின்தொடர் ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஏழரை மணி வாக்கில் ஏறினால் ஒன்பதுக்கு இறங்கிவிடலாம். செங்கல்பட்டு வண்டி புறப்படும் இடம் என்பதால் பத்து நிமிடம் முன்னதாகப் போனால் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும். தாம்பரத்துக்கு அப்புறம் ஏறுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

ஒன்றை மறக்காதீர்கள்: மின்தொடர் ரயிலில் கழிப்பறை கிடையாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது ஒருமுறை, நிலையத்தில் வண்டி ஏறும் முன் ஒருமுறை குழந்தைகளை அழைத்துப் போய் வாருங்கள். காலையில் பாலும் தண்ணீரும் நிறையக் குடித்துவிட்டு ஏறும் குழந்தைக்கு, நடுவழியில் ஏதோ ஒரு நிலையத்தில் இறங்கித்தான் ஆக வேண்டியிருக்கும். சில நிலையங்களில் கழிப்பறை பூட்டியே கிடக்கும்.

செலவுக் கணக்கு சுலபம். சாதாரண மின்தொடர் ரயிலின் இரண்டாம் வகுப்பில் செங்கல்பட்டிலிருந்து எழும்பூருக்குப் பெரியவர் ஒருவருக்கு 20 ரூபாய்க்கு மேல் போகாது. ஐந்து வயது நிறையாத மகளுக்கு டிக்கெட் வேண்டாம். ஐந்து முடிந்து பன்னிரண்டு முடியாத மகனுக்கு அரை டிக்கெட். மூன்று பெரியவர், ஓர் அரை டிக்கெட், போக வர என்று கூட்டினாலும் 140 ரூபாய்க்குள் அடங்கிவிடும். மாமியாருக்கு மூத்த குடிமக்கள் சலுகை இருக்கிறதா என்று கேட்டு கவுன்ட்டரில் நேரத்தை விட வேண்டாம். அந்தச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள். அருங்காட்சியக நுழைவுச்சீட்டும் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாவதுதான். கேமராவுக்குத் தனிக் கட்டணம் உண்டு, அதனால் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் கையைக் கடிப்பவை ஆட்டோவும் வெளிச்சாப்பாடும். இவ்விரண்டையும் தவிர்க்க முடிந்தால் ஐந்து பேர் மிகச் சிக்கனமாகப் போய் வரலாம்.

எழும்பூரில் இறங்கியதும் காந்தி இர்வின் சாலைப் பக்கம் வெளியே வாருங்கள். மின்தொடர் ரயில் நிற்கும் நடைமேடைகள் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் இருப்பதால், கூட்டத்தோடு சேர்ந்து அந்த வழியாக வெளியேறிவிடுவது எளிது. அப்புறம் நிலையத்தையே சுற்றி வர வேண்டும். மேம்பாலம் ஏறி மறுபக்கம் இறங்கிவிட்டால் பாந்தியன் சாலையில் உள்ள அருங்காட்சியகம் ஒரு கிலோமீட்டர் அளவுதான். குழந்தைகளோடு மெதுவாக நடந்தால் இருபது நிமிடம். நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் வழிகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள். பலகையைப் பார்த்து நடங்கள். மாமியாருக்குப் படியேறுவது சிரமம் என்றால் மின்தூக்கி எங்கே என்று நடைமேடையிலேயே கேளுங்கள். அவருக்கு மட்டும் ஒருவர் துணையோடு ஆட்டோ, மற்றவர்கள் நடை என்று பிரித்துக்கொள்ளலாம்.

திரும்பும் நேரத்தையும் காலையிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் தாம்பரம் பக்கம் போகும் வண்டிகளில் ஏறுவதே பெரும்பாடு. சனிக்கிழமையும் பல அலுவலகங்கள் இயங்குகின்றன. மூன்றரைக்கு எழும்பூர் நடைமேடையில் நிற்பது போலத் திட்டமிட்டால், தூங்கும் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே வீடு சேரலாம்.

கேள்வி: செயலியில் டிக்கெட் எடுத்துப் பழக்கமில்லை. சென்ற முறை கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட்டோடு ஏசி மின்தொடர் வண்டியில் ஏறி, அபராதம் கட்டும்படி ஆகிவிட்டது. எங்கே தவறு?
– ஒரு வாசகர், மறைமலைநகர்

பதில்: கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரல் முதல் குளிர்சாதன மின்தொடர் ரயில் ஓடுகிறது. அதற்குக் கட்டணம் தனி. குறைந்தபட்சமே 35 ரூபாய். சாதாரண இரண்டாம் வகுப்பு டிக்கெட் அதில் செல்லாது. அதே நடைமேடைக்கு, அதே திசைக்கு வருவதால் வந்த வண்டியில் ஏறிவிடுகிறோம். கதவு மூடியிருந்து தானாகத் திறந்தால் அது ஏசி வண்டி என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். முதல் வகுப்புப் பெட்டி விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். உரிய டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால், கட்டணத்தோடு அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இதில் எது அதிகமோ அதைக் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆளுக்கு ஆள் தனித்தனி. நான்கு பேர் தவறான பெட்டியில் ஏறினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போய்விடும். நாள் முழுக்க மிச்சம் பிடித்தது ஐந்து நிமிடத்தில் கரைந்துவிடும்.

முன்பதிவில்லாத டிக்கெட்டை ரயில்வேயின் 'ரயில்ஒன்' செயலியில் எடுக்கலாம். கவனிக்க வேண்டியவை சில உண்டு. நிலையத்துக்குள் நுழைந்த பிறகோ, தண்டவாளத்துக்கு மிக அருகில் நின்றோ காகிதமில்லா டிக்கெட் எடுக்க முயன்றால் செயலி மறுக்கும். வீட்டிலேயோ தெருமுனையிலேயோ எடுத்துவிட வேண்டும். நிலையத்தில்தான் எடுக்க முடியும் என்றால் அங்கே ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை வருடி எடுக்கலாம். ஆனால் முந்தின நாள் இரவே எடுத்து வைக்கவும் கூடாது. புறநகர் டிக்கெட் எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். பரிசோதகரிடம் செயலியைத் திறந்துதான் காட்ட வேண்டும். திரைப்பிடிப்புப் படம் ஏற்கப்படாது. போனில் சார்ஜ் போய்விட்டால் டிக்கெட் இல்லாதது போலத்தான்.

குடும்பமாகப் போகிறவர்கள் செய்யும் வழக்கமான தவறு இன்னொன்று: எல்லோருக்கும் சேர்த்து அப்பாவின் போனில் டிக்கெட், அம்மாவும் குழந்தைகளும் பெண்கள் பெட்டியில். பரிசோதகர் பெண்கள் பெட்டியில் வந்தால் காட்ட ஒன்றும் இருக்காது. பெட்டி பிரிந்து ஏறுவதாக இருந்தால் டிக்கெட்டையும் இரண்டாகப் பிரித்து எடுங்கள். பன்னிரண்டு வயது வரையுள்ள பையன் அம்மாவோடு பெண்கள் பெட்டியில் வரலாம். புறநகர்ப் பயணத்துக்குப் போக வர ஒரே டிக்கெட்டாகவும் தருகிறார்கள். மாலையில் எழும்பூர் கவுன்ட்டர் வரிசையில் நிற்பதைத் தவிர்க்க அது உதவும்.

கேள்வி: அரக்கோணத்திலிருந்து வருகிற எங்களுக்கு எழும்பூர் நேர்வழி இல்லையே. சென்ட்ரலில் இறங்கி ஆட்டோ பிடிப்பதைத் தவிர வேறு வழி உண்டா?
– ஒரு வாசகர், அரக்கோணம்

பதில்: தாராளமாக உண்டு. சென்ட்ரல் புறநகர் முனையமான மூர் மார்க்கெட் வளாகத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடந்தால் பூங்கா நிலையம். அங்கே தாம்பரம் பக்கம் போகும் மின்தொடரில் ஏறினால் அடுத்த நிறுத்தமே எழும்பூர். அரக்கோணத்தில் டிக்கெட் எடுக்கும்போதே "எழும்பூர் வரை" என்று கேட்டு வாங்குங்கள். சென்ட்ரல் வரை ஒன்று, பூங்காவிலிருந்து இன்னொன்று என்று இரண்டு முறை வரிசையில் நிற்க வேண்டாம். வெயில் கடுமையாக இருந்தாலோ, முழங்கால் வலிக்காரர் உடன் வந்தாலோ மெட்ரோவில் போகலாம். பச்சைத் தடத்தில் சென்ட்ரலுக்கு அடுத்தது எழும்பூர். சுரங்கத்துக்குள் இறங்கி ஏறும் நேரத்தையும் சேர்த்தால் மெட்ரோவில் பெரிதாக நேரம் மிச்சமாகாது. அதில் மிச்சமாவது அலைச்சல்தான்.

உங்கள் வழியில் ஒரு சிறப்பு இருக்கிறது. அரக்கோணத்துக்கும் திருவள்ளூருக்கும் இடையே திருவாலங்காடு என்ற நிலையம் வரும். அந்த ஊரிலிருந்து வந்த சோழர் கால நடராசர் செப்புத் திருமேனிதான் எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிக் கூடத்தில் இருக்கிறது. காலையில் வண்டி அந்த நிலையத்தில் நிற்கும்போது பெயர்ப் பலகையைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். "இந்த ஊர்ச் சாமியை இன்னும் மூணு மணி நேரத்துல பாக்கப்போறோம்" என்று சொல்லி வையுங்கள். கூடத்தில் நுழைந்ததும் அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி: விழுப்புரத்திலிருந்து விரைவு வண்டியில் வர நினைக்கிறோம். முன்பதிவு செய்வதா, பொதுப் பெட்டியா? 7 வயதுப் பிள்ளைக்கு அரை டிக்கெட் கிடைக்குமா?
– ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: விழுப்புரத்திலிருந்து எழும்பூர் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். விரைவு வண்டியில் இரண்டரை முதல் மூன்று மணி நேரம். போக வர ஆறு மணி நேரம் ரயிலிலேயே போய்விடும். ஒருநாள் பயணத்துக்கு இதுதான் எல்லை. இதற்கு மேல் தூரமுள்ளவர்கள் ஓர் இரவு தங்குவதாகத் திட்டமிடுவதே நல்லது.

நீங்கள் முதலில் தேட வேண்டியது திரும்பும் வண்டியை. பலரும் காலை வண்டியில் முன்பதிவு செய்துவிட்டு, மாலைக்குப் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். மாலையிலும் இரவிலும் எழும்பூரிலிருந்து கிளம்பும் தென்மாவட்ட வண்டிகளின் பொதுப் பெட்டிகளில், வண்டி நடைமேடைக்கு வருவதற்கு முன்பே நீண்ட வரிசை நிற்கும். களைத்த குழந்தையோடு அதில் ஏறுவது பெரும் கஷ்டம். காலையில் பொதுப் பெட்டியில் வந்தாலும் வரலாம், மாலையில் கட்டாயம் உட்கார இடம் உறுதியாகியிருக்க வேண்டும். கையில் இருக்கும் பணம் ஒருபக்க முன்பதிவுக்கே போதும் என்றால் அதைத் திரும்பும் பக்கத்துக்குச் செலவிடுங்கள்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பே தொடங்கிவிடும். ஒரே டிக்கெட்டில் ஆறு பேர் வரை சேர்க்கலாம். உங்களுக்கு ஏற்றது இரண்டாம் வகுப்பு உட்காரும் இருக்கை. ஆனால் இதில் ஐந்து வயது முடிந்த குழந்தைக்கு முழுக் கட்டணம். படுக்கை வசதி உள்ள வகுப்புகளில் "தனிப் படுக்கை வேண்டாம்" என்று குறித்து அரைக் கட்டணத்தில் அழைத்துப் போகலாம். உட்காரும் இருக்கை வகுப்புகளில் அந்த வாய்ப்பு இல்லை. முன்பதிவில்லாத பொதுப் பெட்டியில் அரை டிக்கெட் உண்டு. கணக்குப் போடும்போது இந்த வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட் முழுவதும் காத்திருப்புப் பட்டியலிலேயே நின்றுவிட்டால், அட்டவணை தயாரானதும் அது தானாக ரத்தாகிவிடும். அதை வைத்துக்கொண்டு முன்பதிவுப் பெட்டியில் ஏறக் கூடாது.

பொதுப் பெட்டி டிக்கெட்டில் இரண்டு சிக்கல்கள். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணத்துக்கு முன்பதிவில்லாத டிக்கெட்டை அன்றைக்குத்தான் எடுக்க முடியும். எடுத்த மூன்று மணி நேரத்துக்குள், அல்லது அந்த ஊருக்கான அடுத்த வண்டி புறப்படுவதற்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். ஆகவே திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே எடுத்துப் பையில் வைக்க முடியாது. இரண்டாவது, அதிவிரைவு வண்டிக்குக் கூடுதல் கட்டணம் உண்டு. சாதாரண எக்ஸ்பிரஸ் டிக்கெட்டோடு அதிவிரைவு வண்டியில் ஏறினாலும் அபராதம்தான். எந்த வண்டியில் போகப்போகிறீர்கள் என்று கவுன்ட்டரில் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

எழும்பூர் மறுசீரமைப்பு வேலை காரணமாகச் சில வண்டிகளைத் தாம்பரத்திலோ கடற்கரையிலோ நிறுத்தியும் புறப்படச் செய்தும் மாற்றுகிறார்கள். முந்தின இரவும், அன்று பிற்பகல் அருங்காட்சியகத்திலிருந்து கிளம்பும் முன்பும் 139 எண்ணிலோ செயலியிலோ வண்டி எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்துவிடுங்கள். தாம்பரத்திலிருந்து என்றால், எழும்பூரிலிருந்து மின்தொடரில் அங்கே போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரமாவது கையில் வேண்டும்.

கேள்வி: இதற்கு முன் ஒருமுறை பிள்ளைகளை அழைத்துப் போனோம். ஒரு மணி நேரத்தில் "போலாம், போலாம்" என்று இழுத்துவிட்டார்கள். என்ன பார்ப்பது, எப்படிப் பார்ப்பது?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: அங்கே ஆறு கட்டடங்களில் 46 காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. 1851இல் தொடங்கியது, இந்தியாவில் கொல்கத்தாவுக்கு அடுத்த பழைய அருங்காட்சியகம் இதுதான். முதல் கூடத்திலிருந்து கடைசிக் கூடம் வரை வரிசையாக நடந்தால் பெரியவர்களுக்கே கால் ஓய்ந்துவிடும். பிள்ளைகள் இழுத்ததில் தப்பே இல்லை. நான்கு கூடங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வேலை கொடுங்கள். மூன்று மணி நேரம் போதும்.

முதலில் செப்புத் திருமேனிக் கூடம். இது தனிக் கட்டடம். காலையில் கண்ணும் மனமும் தெளிவாக இருக்கும்போது இதைப் பார்த்துவிட வேண்டும். திருவெண்காட்டு அர்த்தநாரியின் முன் பிள்ளைகளை நிறுத்திக் கைகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்றுதான் வரும். சிவன் பாதியில் இரண்டு, அம்மன் பாதியில் ஒன்று. திருவாலங்காட்டு நடராசரைச் சுற்றி வழக்கமாக இருக்கும் தீச்சுடர் வளையம் இல்லை என்பதையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும். பிறகு பீடங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். பலவற்றில் துளைகளோ வளையங்களோ இருக்கும். இவை வீதி உலாவுக்கு எழுந்தருளிய உற்சவர்கள். கழி செருகிக் கட்டித் தூக்கிச் செல்வதற்காக வைத்தவை அந்தத் துளைகளும் வளையங்களும். ஊர்த் திருவிழாவில் சாமி தூக்குவதைப் பார்த்த குழந்தைக்கு இது சட்டென்று விளங்கும்.

செய்த விதத்தையும் இரண்டு வரியில் சொல்லலாம். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முதலில் மெழுகுச் சிலை செய்வார்கள். அதன் மேல் வண்டல் மண்ணைப் பல படலமாகப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால், மெழுகு உருகித் துளை வழியே ஓடிவிடும். அந்த வெற்றிடத்தில் உருக்கிய செம்புக் கலவையை ஊற்றி, ஆறிய பின் மண் அச்சை உடைத்து எடுப்பார்கள். ஒரு சிலைக்கு ஓர் அச்சு, அதுவும் உடைந்துவிடும். அதனால் ஒன்றைப் போல இன்னொன்று இல்லை. இதைக் கேட்ட பிறகு பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்துச் சிலைகளை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகளையும் தவறவிடாதீர்கள்.

அடுத்து அமராவதிச் சிற்பங்கள். ஆந்திரத்தின் கிருஷ்ணைக் கரையில் இருந்த பௌத்தத் தூபியின் பலகைகள் இவை. பளிங்கு என்று பெயர் வந்துவிட்டதே தவிர, கல் சுண்ணாம்புக்கல். இங்கே தேட வேண்டியது வட்டமான பலகையில் இருக்கும் நளகிரி யானையை. மதம் பிடித்த யானை தெருவில் ஆளைத் தூக்கி வீசுகிறது. அதே வட்டத்துக்குள் அதே யானை புத்தர் முன் மண்டியிட்டுக் கிடக்கிறது. யானை ஒன்று, வருவது இரண்டு முறை. ஜன்னலில் எட்டிப் பார்க்கும் முகங்களையும் எண்ணச் சொல்லுங்கள். சித்திரக்கதை படிக்கிற பிள்ளைகளுக்கு இதைப் படிக்கத் தெரியும். நாம் விளக்கிக்கொண்டே நிற்க வேண்டாம்.

மூன்றாவது, தொல்பழங்காலக் கூடம். தாம்பரத்திலிருந்து வருகிற உங்களுக்கு இது சொந்த வீட்டுச் சங்கதி. உங்கள் மின்தொடர் நிற்கும் பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் பல இடங்களில் சேர்த்த கருவிகளை 1904இல் இந்த அருங்காட்சியகம் வாங்கியது. போகும்போது பல்லாவரம் நிலையத்தைக் காட்டிச் சொல்லி வைத்தால், கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் கல் வெறும் கல்லாகத் தெரியாது. கையில் எப்படிப் பிடித்திருப்பார்கள், எந்த ஓரம் வெட்டும் ஓரம் என்று கேளுங்கள். 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்தவையும் இந்த அருங்காட்சியகத்தில் உள்ளன. நெற்றியில் கட்டும் பொன் பட்டங்கள் அதில் சேர்ந்தவை.

கடைசியாக விலங்கியல் கூடம். திமிங்கலத்தின் எலும்புக்கூடும் யானையின் எலும்புக்கூடும் இருக்கும் இடம். இதை முதலில் காட்டிவிட்டால் மற்ற எதிலும் பிள்ளைகளுக்கு மனம் நிற்காது. முடிவில் காட்டினால், சோர்ந்திருந்த பிள்ளையும் எழுந்து ஓடும். அளவை அடி கணக்கில் சொல்வதை விட, தலையிலிருந்து வால் வரை எத்தனை காலடி என்று நடந்து அளக்கச் சொல்லுங்கள்.

ஒரு கூடத்துக்கு அரை மணி, அதன் பிறகு மரத்தடியில் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பையில் ஒரு சிறு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். பார்த்ததில் பிடித்த ஒன்றை வரையச் சொன்னால், போனில் நூறு படம் எடுப்பதை விட அது நினைவில் நிற்கும். சிற்பங்களைத் தொட வேண்டாம் என்பதை வீட்டிலேயே காரணத்தோடு சொல்லி அழைத்துப் போங்கள்: கை வியர்வையில் உள்ள உப்பும் எண்ணெயும் உலோகத்தை அரிக்கும், கல்லைக் கறையாக்கும். காரணம் தெரிந்த பிள்ளை தம்பியையும் தடுத்து நிறுத்தும்.

கேள்வி: கட்டுச்சோறு எடுத்துப் போனால் கெட்டுப்போகிறது. வெளியே சாப்பிட்டால் பட்ஜெட் எகிறுகிறது. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, திருவள்ளூர்

பதில்: காலை ஐந்துக்குக் கட்டி மதியம் ஒன்றுக்குத் திறக்கிறோம். எட்டு மணி நேரம். தேங்காய் சேர்ந்தது எதுவும் இதற்குத் தாங்காது; தேங்காய்ச் சட்னி, தேங்காய் சாதம் வேண்டாம். புளிசாதம் நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கிளறியது என்றால் கவலையே இல்லை. மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவிய இட்லியும் தாங்கும். தயிர்சாதம் புளிப்பதற்குக் காரணம், முழுக்கத் தயிர் விட்டுப் பிசைவது. சாதத்தைக் குழைத்து ஆறவிட்டு, காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். மதியத்துக்குள் அதுவே பதமாகத் தோய்ந்திருக்கும். எந்தச் சாதமானாலும் சூட்டோடு டப்பாவை மூடக் கூடாது. ஆவி வியர்த்து, அந்த ஈரத்தில்தான் ஊசிப்போகிறது. தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டுக் கட்டுங்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், வெயில் காலத்தில் ஒன்றரை. ஐந்து பேருக்கு ஏழரை லிட்டர் என்றால் கனம்தான். அதனால் ஒரே பையில் அடைக்காமல் ஆளுக்கொரு பாட்டிலாகக் கொடுத்துவிடுங்கள். காட்சிக்கூடங்களுக்குள் சாப்பிடக் கூடாது. வளாகத்தில் அனுமதிக்கும் இடத்தைக் காவலரிடம் கேட்டு உட்காருங்கள். எச்சில் இலையும் காகிதமும் போட ஒரு பை கொண்டுபோய், அதைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

கேள்வி: எழும்பூர் நிலையக் கூட்டத்தில் குழந்தை தவறிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்திலேயே பயணத்தைத் தள்ளிப்போடுகிறோம்.
– ஒரு வாசகி, கூடுவாஞ்சேரி

பதில்: பயம் நியாயமானது. மின்தொடர் வண்டி ஒரு நிலையத்தில் நிற்பதே அரை நிமிட அளவுதான். ஏறும்போது ஒரு பெரியவர் முதலில், பிள்ளைகள் நடுவில், இன்னொரு பெரியவர் கடைசியில். இறங்கும்போதும் அதே வரிசை. இதையும் மீறிக் குழந்தை வண்டியிலேயே தங்கிவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி அங்கேயே நிற்க வேண்டும். நடைமேடையில் தங்கிவிட்டால் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. இவ்விரண்டையும் முந்தின நாளே சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தேடிப் போவது பெரியவர் வேலை, நிற்பது குழந்தை வேலை. சட்டைப் பையில் உங்கள் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். ரயில்வே உதவி எண் 139, குழந்தைகள் உதவி எண் 1098. தண்டவாளத்தை நடந்து கடக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அன்றைக்கு மட்டுமாவது என்று இல்லாமல், என்றைக்குமே விட்டுவிடுங்கள். பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

கேள்வி: தெரியாமல் வெள்ளிக்கிழமை போய்விட்டோம். வாசலோடு திரும்பினோம். அப்படிப்பட்ட நாளில் வேறு எங்கே போகலாம்?
– ஒரு வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் அருகில்தானே என்று அங்கே போய்விடாதீர்கள், அதற்கும் வெள்ளி விடுமுறை. பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கம் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குத் திங்கள்தான் விடுமுறை. பழைய எஞ்சின்களும் பெட்டிகளும் திறந்தவெளியில் நிற்கின்றன, சிறுவர் ரயிலும் உண்டு. எழும்பூர் வளாகத்திலேயே இருக்கும் கன்னிமாரா பொது நூலகம் 1896இல் திறந்தது; புத்தகப் பிரியர்கள் பழைய கட்டடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும், ஆனால் சிறு பிள்ளைகளுக்கு அது ஈடாகாது.

கேள்வி: சென்னை எங்களுக்குத் தொலைவு. திருச்சியிலிருந்து ஒருநாளில் போய் வர நல்ல அருங்காட்சியகம் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: புதுக்கோட்டை. 1910இல் சமஸ்தான காலத்தில் தொடங்கிய அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. திருச்சியிலிருந்து ரயிலில் ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஒரு மணி நேர அளவு. நிலையத்திலிருந்து நடக்கும் தூரமில்லை. நகரப் பேருந்தில் போகலாம். இந்தத் தடத்தில் வண்டிகள் குறைவு என்பதால் ஒன்றைத் தவறவிட்டால் நெடுநேரம் காத்திருக்க வேண்டும். போவது ரயில், வருவது பேருந்து என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளியோடு இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை. பள்ளி விடுமுறை என்று அன்றைக்கே கிளம்பி ஏமாறுகிறவர்கள் பலர். திருக்கோகர்ணத்தில் குடைவரைக் கோயிலும் இருக்கிறது. கோயில் நடை நண்பகலில் சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் கோயில், அப்புறம் அருங்காட்சியகம்.